நான்கு ஜோடிச் செருப்பு

மூன்றாவது முறையாகப் பைபர் வயரைப் பிடுங்கிச் செருகியபோதும் பச்சை விளக்கு எரியவில்லை. சாபிர் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு சர்வர்களின் முதுகுக்கு நடுவே தலையை நுழைத்து, செல்போன் வெளிச்சத்தில் போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் மிளகாய் வற்றல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெடி ஜன்னல் வழியாக ஏறிவந்து அவனைத் தும்ம வைத்தது. ஊரில் எவனோ கழித்துப் போட்ட பெட்டிகளை வீட்டுக்குச் சுமந்து வந்து, ஒன்றோடொன்று கோத்து, அவை இரைவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அவனுக்கு அப்படியொரு சுகம். அவன் மனைவி கைருன்னிசா இந்த மாடியறைக்குச் சக்களத்தி வீடு என்றே பேர் வைத்திருந்தாள்.

மற்ற நாளென்றால் இது பொழுதுபோக்கு. இன்றைக்கு ஒரு மனிதனின் தலை இதில் மாட்டியிருந்தது. அந்த மனிதர் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சங்கரபாண்டியன். பட்டாசுக் கம்பெனி போர்மேன். அங்கே கேமரா பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் சாபிரை 'ஏலே' என்று கூப்பிட்ட வாய், காலையிலிருந்து 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறது.

"வந்துருமா தம்பி?"

"வரும் அண்ணாச்சி. ரெண்டும் உசுரோடதான் இருக்கு. ஒண்ண ஒண்ணு கண்டுக்கிட மாட்டேங்குது."

மூன்று மாதத்துக்கு முன்னால் பதினாலாம் நம்பர் அறை வெடித்து நான்கு பெண்கள் இறந்துபோனார்கள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் விடக்கூடாது என்பது சட்டம். போர்மேன் தன் இஷ்டத்துக்கு ஆள் கூட்டி உட்கார வைத்தார், நெரிசலில்தான் வெடித்தது, மீதிப்பேர் ஓடித் தப்பிவிட்டார்கள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. நான்கு பேரைத்தான் விட்டேன் என்று இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். விசாரணை நாளைக்கு. கேமராப் பதிவு இருந்த சர்வர் வெந்துவிட்டதென்று கம்பெனி அதைக் காயலான் கடைக்குத் தள்ளியது. அங்கிருந்து அது சாபிரின் மாடிக்கு வந்து சேர்ந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே பதிவு கிடக்கிறது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஆயுசு முக்கால் மணி நேரம். அதற்குமேல் ஓடினால் சூடேறி நின்றுவிடுகிறது. இரண்டு முறை நின்றாயிற்று, முறைக்கு ஒரு டிஸ்க்கைக் காவு வாங்கிக்கொண்டு. இனி நின்றால் எழுந்திருக்காது. வீட்டில் ஓடுகிற சாதா வயரில் பதிவை எடுத்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் நடுவில் சுவிட்ச் எதுவும் இல்லாமல், பத்து மடங்கு வேகம் போகிற பைபரில் வெந்த பெட்டியையும் நல்ல பெட்டியையும் நேருக்கு நேர் கட்டிப் பார்த்தான். கட்டுவது எளிது, பேச வைப்பதுதான் பாடு.

வயரை விளக்கில் பிடித்துப் பார்த்தபோது சாபிருக்கு உறைத்தது. ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க என இரண்டு இழைகள். இந்தப் பெட்டியின் வாய் அந்தப் பெட்டியின் காதுக்குப் போகவேண்டும். அவன் வாயை வாயோடும் காதைக் காதோடும் கட்டிவைத்திருந்தான். இழைகளை மாற்றிச் செருகியதும் விளக்கு எரிந்தது. கூப்பிட்டால் பதிலும் வந்தது. ஆனால் பதிவை இழுக்கத் தொடங்கியதும் கல்லுப்போல நின்றுவிட்டது. வெந்த பெட்டி பெரிய பொட்டலங்களாக அனுப்பியது, நல்ல பெட்டி சின்ன அளவுக்குமேல் வாங்காமல் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவைக் கொடுத்தான். அப்புறம் மடை திறந்தாற்போல வந்தது.

நாற்பத்து மூன்றாவது நிமிஷம் கடைசித் துண்டும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு துண்டையும் அனுப்பிய பக்கமும் வாங்கிய பக்கமும் ஒப்பிட்டு, ஒரு புள்ளி பிசகவில்லை என்று திரை சொன்னது. அடுத்த நிமிஷமே வெந்த பெட்டி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு அடங்கியது. சாபிருக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு நல்ல காரியம் கையால் நடந்த சந்தோஷம்.

அன்றைய காலைப் பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டான். அறை வாசலும், கதவு திறந்திருந்ததால் உள்ளே பாதியும் தெரிந்தன. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, உடம்பில் மின்சாரம் தங்கியிருந்தால் போகட்டுமென்று செம்புத் தகட்டைத் தொட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்கள். கடைசியாக வந்தவள் வள்ளித்தாய், கேமரா வேலைக்குப் போகையில் சாபிருக்குப் பழகிய முகம். கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்தில் சாகப்போகிறவள். சாபிர் ஒரு நொடி திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான்.

பிறகு திரையில் சங்கரபாண்டியன் வந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எந்தப் போர்மேனும் பார்ப்பதில்லை. அறுபது அறை சுற்றுகிறவனுக்குச் செருப்புதான் கணக்கு. வாசலில் நான்கு ஜோடி கிடந்தால் உள்ளே நான்கு பேர். பேனாவை நீட்டி நான்கு எண்ணிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

"பாத்தீகளா தம்பி. நாலு." நாற்காலியில் இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாலுதான். நான் எம்புட்டுச் சொன்னேன், ஒருத்தனும் நம்பல."

கைருன்னிசா டீயோடு வந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"எல்லாரும் குனிஞ்சு வேல பாக்காக. அந்த மூலையில நிக்குற அக்கா மட்டும் ஏன் சும்மா நிக்காக?"

சாபிர் படத்தை நிறுத்தினான். இடது மூலையில், நிழலோடு நிழலாக ஒருத்தி, முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பி நின்றாள். வெறுங்கால். இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள், மருதாணி காயவைக்கிறவளைப் போல.

பதிவைப் பின்னால் ஓட்டினான். நான்கு பேரும் ஒவ்வொருவராகப் பின்வாங்கி வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. காலியான அறையில் அதே மூலையில் நின்றாள். இன்னும் பின்னால் ஓட்டினான். விடியக்காலையில் சங்கரபாண்டியன் தானே வந்து பூட்டைத் திறந்து கதவைத் தள்ளுகிறார். தள்ளிய கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். முந்தின நாளும் பார்த்தான், அதற்கு முந்தின வாரமும். பழைய பதிவு ஏதோ புதியதோடு கலந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பிசகில்லை என்று திரை சொன்னது நினைவுக்கு வந்தது. கைருன்னிசா அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

"பாண்டிலட்சுமி," என்றார் சங்கரபாண்டியன். டீ டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

"யாரு அண்ணாச்சி அது?"

அவர் பக்கத்து வீட்டுக்காரனின் கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஆனைக்குட்டத்துக்காரி. நாலு வருசத்துக்கு முந்தி, இதே பதினாலு. தீபாவளி சீசன், வேலை ஜாஸ்தி. பக்கத்து ரூமுல செருப்ப விட்டுட்டு, கை குடுக்க இங்கன வந்துருக்கா. நான் நாலு ஜோடின்னு எண்ணிட்டுப் போயிட்டேன். லேசான தீதான். மத்தவளுக நாலு பேரும் ஓடி வந்துட்டாளுக. இவ மூலையில மாட்டிக்கிட்டா." "ஆஸ்பத்திரில ஒம்போது நாள் கெடந்து செத்தா. அஞ்சு பேருன்னு தெரிஞ்சா கம்பெனிக்குப் பூட்டு, எனக்கு ஜெயிலு. வீட்டு அடுப்புல தீப்பிடிச்சுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவ மகதான் பக்கத்துல நின்னுச்சு. எங்கம்மா அடுப்பே பத்தவைக்கல மாமான்னுச்சு. நான் அந்தப் பிள்ளைய வெளிய போகச் சொன்னேன்."

கீழே மூட்டை இறக்குகிறவர்கள் எதற்கோ சிரித்தார்கள். சாபிருக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது, அதே மூச்சில் பரிதாபமும் வந்தது. அன்றைக்கு ஐந்தை நான்கு என்று சொல்லித் தப்பித்தவர். இன்றைக்கு உண்மையிலேயே நான்கு பேரை விட்டவர், திரையில் ஐந்து நிற்கிறது.

"இதக் குடுத்தா என்ன ஆகும் தம்பி?"

"அஞ்சு பேருன்னுதான் எழுதுவாக."

"குடுக்கலன்னா?"

"உங்க பேச்சுக்குச் சாட்சி இல்ல." சாபிர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "அழிச்சிரவா அண்ணாச்சி? இது ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பெட்டி செத்துப்போச்சு."

சங்கரபாண்டியன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். நெடுநேரம் அந்த மூலையையே பார்த்தார். அவள் திரும்புவாளோ என்று சாபிர் பயந்தான். படம் நிறுத்தித்தான் இருந்தது, ஆனாலும் பயந்தான்.

"பென்டிரைவுல போட்டுக் குடுங்க," என்றார்.

போட்டுக் கொடுத்தான். அவர் அதைப் பையில் வைக்காமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியிறங்கினார். டீ ஆடை கட்டிப்போய் நாற்காலிக்கு அடியில் இருந்தது.

சாபிரும் கைருன்னிசாவும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். எதிரே பஸ் நிறுத்தம். முதலில் சிவகாசி பஸ் வந்தது. அவருடைய வக்கீல் அங்கேதான் இருக்கிறார். சங்கரபாண்டியன் ஏறவில்லை.

"ஆனைக்குட்டம் பஸ்ஸுக்கு நிக்காரோ?" என்றாள் கைருன்னிசா. "பாண்டிலட்சுமி மக அங்கனதான் இருக்கும்போல."

பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நிறுத்தத்தில் வேறு ஈ காக்கை இல்லை. நீளமான சிமெண்டுப் பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்த சங்கரபாண்டியன், சற்று நேரம் கழித்துப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.