முகம் விழாத படங்கள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா சொன்னது. "உத்திரமேரூர்ல ஒரு பாயம்மா இருந்துச்சு. எப்பப் பாத்தாலும் கேமராவும் கையுமா திரியும். பொண்ணு காணாமப் போன அன்னிக்கி போலீஸ்ல குடுக்க, மூஞ்சி தெரியற மாதிரி ஒரு போட்டோ இல்ல வூட்ல" என்றாள். அந்த நேரம் பார்த்து ரசம் வந்தது. அவள் ரசத்துக்குக் கை காட்டினாள். பெண் கிடைத்தாளா என்று நான் கேட்பதற்குள் யாரோ கூப்பிட, இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். கை கழுவுகிற இடம்வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். ஆளைக் காணோம்.

ஒன்பது வருஷமாகிறது. பாவி மனுஷி, அரைக் கதையை என் தலையில் கட்டிவிட்டு பீடாவை மென்றுகொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஆகவே இனிமேல் வருகிற பெயர், வருஷம், பேச்சு எல்லாம் நான் வைத்தது. எங்கெங்கே இட்டுக்கட்டுகிறேன் என்று அவ்வப்போது சொல்லிவிடுகிறேன்.

2

ஆரம்பித்துப் பார்த்தவை:

உத்திரமேரூர் ஏரி அந்த வருஷம் மே மாதத்திலேயே...

[அடித்துவிட்டேன். ஏரியில் ஆரம்பித்தால் இப்போதே உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கத்தான் வேண்டும், ஆனால் இவ்வளவு மலிவாக வேண்டாம்.]

சாய்ராவுக்குக் கேமரா என்றால் உயிர்...

[உயிராம். எனக்கே சகிக்கவில்லை.]

நசுருதீன் ஒரு முரடன்.

[இந்த வரியை நம்பி நான்கு பக்கம் எழுதினேன். நான்கும் குப்பைக்குப் போயின. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.]

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். வருஷம் 1999. சாய்ராவுக்கு இருபத்தேழு வயது. புருஷன் நசுருதீனுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கயிறு, தார்ப்பாய், மண்வெட்டிக் காம்பு விற்கிற கடை. ஒரே மகள் சைமா, ஆறு வயது. கேமரா, சாய்ராவின் அண்ணன் தௌபீக் மூன்று வருஷம் முன்பு சவுதியிலிருந்து கொண்டுவந்தது. அதை அவள் கையில் வாங்கிய அன்றே நசுருதீன் ஒன்று சொன்னான்.

"எத வேணா எடு. ரோலு வாங்கித் தரேன், நானே காஞ்சிபுரம் போயி கழுவிக்கினு வரேன். மூஞ்சி மட்டும் வேணாம் சாய்ரா. தொழுற வூடு."*

* எல்லா முஸ்லிம் வீட்டிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அதே தெருவில், வருகிறவர்களை உட்காரவைத்துக் கல்யாண ஆல்பம் காட்டுகிற வீடுகள் இருக்கின்றன. இது நசுருதீனுக்கு அவன் அத்தாவிடமிருந்து வந்த கறார், அவ்வளவுதான்.

முதல் ஒரு மாதம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் குதிகாலை எடுத்தாள். ஈரத் தலைமுடியை எடுத்தாள். நுங்குக்குள் விரலை விட்டு நோண்டுகிற கை, சுவரில் விழுந்த நிழல், தூங்கும்போது வியர்த்திருக்கும் பிடரி. கழுவி வந்த படங்களைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். மூஞ்சியை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், முதுகை இப்படி யார் எடுக்கிறார்கள் என்று ஒரு கர்வம் வந்துவிட்டது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து நசுருதீனே வந்து போனால் போகிறது, முகத்தை எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தாலும் அவள் எடுத்திருக்க மாட்டாள்.

(பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்திருப்பார்களே என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். அன்றைக்கு சைமாவுக்கு அம்மை. ஆமாம், அம்மை நான் போட்டதுதான். கதைக்கு வேண்டியிருந்தது.)

கோடை விடுமுறை. அவள் நாள் எப்படிப் போகும் என்றால், வெயில் ஏறுவதற்குள் சமையலை முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுப்படியில் நிற்க முடியாது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது, ஆனால் வரும்போது குடத்தோடு நிற்க வேண்டும். பதினொரு மணிக்குக் கரண்டு போகும். கடைக்கு நசுருதீனின் சாப்பாட்டுக் கேரியர் போகும். மிச்ச நேரமெல்லாம் அம்மா எனக்கு போரடிக்கிது, அம்மா எனக்கு ஐஸ், அம்மா அவங்க வூட்ல டிவி போட்டுக்கீறாங்க. இத்தனைக்கும் நடுவில் கிடைக்கிற பத்துப் பதினைந்து நிமிஷத்தில்தான் அவள் படம் எடுத்தாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் மற்ற நேரத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். எனக்கு இது தெரியும். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் நான் மூன்று முறை அடுப்பை அணைக்க எழுந்து போயிருக்கிறேன்.

4

அன்றைக்குப் பதினொரு மணி. கரண்டு போய்விட்டது. சிவப்புச் சிமெண்டுத் தரை. சைமா வாளித் தண்ணீரில் காலை விட்டு அளைந்துவிட்டு நடந்தாள். தரையில் ஈரக் காலடி விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. சாய்ரா ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்து தரையில் மண்டியிட்டாள்.

"காலை மறுபடி நனைச்சுக்கோ. நான் நில்லுன்னு சொல்ற வரைக்கும் நடந்துக்கினே இரு. திரும்பிப் பாக்காத, மூஞ்சி விழுந்துடும்" என்றாள்.

சைமா சொன்னபடி நடந்தாள். சாய்ரா ஒவ்வொரு காலடியாகத் தரையோடு தரையாக நகர்ந்து எடுத்தாள். ஆறாவது அடியில் பிலிம் தீர்ந்துவிட்டது. வெளிச்சம் படாமல் ரோலை மாற்ற அறை மூலைக்குப் போய் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கை வியர்த்திருந்ததால் பிலிமின் நுனி சுலபத்தில் மாட்டவில்லை. மாட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது தரை காய்ந்திருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

அவள் நில்லு என்று சொல்லவே இல்லை.

பக்கத்து வீட்டு சிட்டம்மாளிடம் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். [இந்த அரை மணி நேரத்தைக் குறைக்கலாமா என்று பார்த்தேன். பத்து நிமிஷம் என்று போட்டால் உங்களுக்கு அவள்மேல் கோபம் குறையும். ஆனால் அவளுக்குக் குறையாது. அரை மணி நேரமே இருக்கட்டும்.]

சிட்டம்மாள் வீட்டில் இல்லை. ஐஸ்காரன் பார்க்கவில்லை. தெருவில் இருபது வீட்டிலும் இல்லை. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லார் மனதிலும் இருந்ததை சிட்டம்மாள்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஏரில மண்ணெடுத்த பள்ளத்துல தண்ணி கீது. ஆம்பளைங்கள அனுப்பிப் பாக்கச் சொல்லு."

நசுருதீன் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தான். கடையில் வேலை செய்யும் வரதனை ஏரிக்கு அனுப்பினான். எப்படிப் போனது என்று பெண்டாட்டியிடம் கேட்டான். வெளியே விளையாடப் போனது என்று சொன்னாள்.

5

மத்தியானம் இரண்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு வீராசாமி போட்டோ கேட்டார். சாய்ரா பையிலிருந்ததை மேஜைமேல் பரப்பினாள். அறுபத்து மூன்று படங்கள்.

ஏட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குதிகால். பிடரி. கை. நிழல். ஒரு படத்தை எடுத்து, மறுபக்கம் முகம் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல பொண்ணு எங்க?"

சாய்ரா படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். நசுருதீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன காரணம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த இடத்துக்காகத்தான் நான் அந்த நான்கு பக்கத்தையும் எழுதியிருந்தேன். அவன் உடைந்து அழுவான், என்னால்தானே என்று தலையில் அடித்துக்கொள்வான், அவள் அவனை ஒரு பார்வை பார்ப்பாள். படிக்கிற உங்களில் பாதிப் பேராவது, நன்றாக வேண்டும் அவனுக்கு என்பீர்கள். எனக்கும் அதில் ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன். ஆனால் ஏட்டு அடுத்த கேள்வியைக் கேட்டதும் என் திட்டம் கவிழ்ந்தது.

"சரி, வாயால சொல்லு, எழுதிக்கிறேன். மூஞ்சி எப்டி இருக்கும்?"

சாய்ரா வாயைத் திறந்தாள். வட்ட முகம் என்றாள். மாநிறம் என்றாள். ஊரில் பாதிக் குழந்தைகள் அப்படித்தான். பிடரியில் முடி எந்தப் பக்கம் சுழித்திருக்கும் என்று கேட்டால் வரைந்தே காட்டியிருப்பாள். இடது குதிகாலில் கண்ணாடி குத்திய தழும்பு எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். முகத்தை நினைத்தால் முகம் வரவில்லை. பெற்றவள் நான், எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று பதறினாள்.

"மச்சம் கிச்சம் ஏதாவது கீதா?"

"கன்னத்துல ஒண்ணு. இடது கன்னத்துல."

"வலது" என்றான் நசுருதீன்.

அவன் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டான். மேலே முன்பல் இரண்டு விழுந்து ஒன்று பாதி முளைத்திருக்கிறது. இடது புருவம் நடுவில் ஒரு நெல் அளவு அறுந்திருக்கும், தவழும்போது வாசப்படியில் அடிபட்டது. சிரித்தால் குழி விழாது, கோபம் வந்தால் விழும். கண் இரண்டும் ஒரே அளவு இல்லை. கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்ளும். ஏட்டு எழுத எழுத அவன் சொல்லிக்கொண்டே போனான். நிறுத்தினால் பிள்ளை போய்விடும் என்பதுபோலச் சொன்னான்.

எப்படி இவ்வளவு சொல்கிறீர்கள் என்று ஏட்டு கேட்டார்.

"தெனம் காலையில கடைக்குப் போறதுக்கு முன்ன அதுக்குக் கண்ணுல சுர்மா மை போட்டு வுடறது நான்தான்."

படம் வேண்டாம் என்றவன்தான் முகத்தைப் பார்த்திருக்கிறான். நான் எழுதி வைத்திருந்த அவன் அழுகையை அடித்துவிட்டேன்.

சாய்ராவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அது வெளையாடப் போவல. நான்தான் நடக்கச் சொன்னேன். நில்லுன்னு சொல்ற வரைக்கும் திரும்பாம நடன்னு சொன்னேன். நில்லுன்னு சொல்லல" என்றாள்.

நசுருதீன் அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு நன்றாயிருந்திருக்கும்.

ஏட்டுதான் பேனாவைக் கீழே வைத்தார். திரும்பாமல் நடந்தால் அந்தத் தெரு எங்கே போய் முடியும் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் என்றாள் சாய்ரா. யார் பின்னாலாவது பஸ் ஏறியிருக்கலாம் என்றார் ஏட்டு. அவர் காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டார். மனுவில் மச்சத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். இரண்டு பேரும் பேசி எந்தப் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார்.

6

மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. வாலாஜாபாத். பஸ்ஸில் யாருமில்லாமல் வந்த ஒரு பெண் குழந்தையை இறக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். ஆறு வயது இருக்கும். மஞ்சள் கவுன். அழுது அழுது தூங்கிவிட்டது. பெயர் சொல்லவில்லை.

சைமாவும் மஞ்சள் கவுன்தான். அந்த வருஷம் எல்லாக் கடையிலும் மஞ்சள் கவுன்தான் தொங்கியது.

முன்பல்லைப் பார்க்கச் சொன்னார் ஏட்டு. வாயை மூடித் தூங்குகிறது என்றார்கள்.

"கன்னத்துல மச்சம் கீதா, எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லு. நான் லைன்லயே கீறேன்."

[இதே நேரத்தில் ஏரியிலிருந்து வரதனை ஓடிவர வைத்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று இப்போது வருந்துகிறேன். ஸ்டேஷன் கேட்டருகே நிற்கிறான். இடுப்புவரை லுங்கி நனைந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கித் தேடியிருந்தாலும் நனையும். மூச்சு வாங்குகிறான், இன்னும் பேசவில்லை. அவனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். என்னால் முடிந்தது அதுதான்.]

நசுருதீன் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். "சாய்ரா. எதிர்ல உக்கார வெச்சித்தான் சுர்மா போடுவேன். எனக்கு வலப்பக்கம்னா அதுக்கு இடப்பக்கமாச்சே. நீ சொன்னதுதானா?"

"இல்ல. நீங்க சொன்னதுதான். நான் பாக்கவே இல்லங்க. நீங்கதான் பாத்தீங்க" என்றாள் அவள்.

7

வாலாஜாபாத்திலிருந்து வரக்கூடிய சொற்கள் மூன்றுதான். இடது, வலது, இல்லை.

முதல் இரண்டில் எது வந்தாலும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் இவர்களில் ஒருவர், தன் மகள் முகத்தைத் தான் பார்த்த லட்சணம் இதுதான் என்று தெரிந்துகொண்டு மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டும். கழிக்கட்டும், சந்தோஷமாகவே கழிப்பார்கள். மூன்றாவது சொல் வந்தால் கேட்டைத் திறந்து வரதனை உள்ளே விடவேண்டும். அதை நான் எழுத மாட்டேன். காசு கொடுத்தாலும் எழுத மாட்டேன்.

எழுதாமல் விட்டால் மட்டும் அது நடக்காமல் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. பந்தியில் அந்த அம்மாள் எழுந்து போனதிலிருந்து எனக்குத் தெரியாது. முடிவு ஒன்று இட்டுக்கட்டலாம்தான். அம்மையை இட்டுக்கட்டியவளுக்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அவளும் அவனும் அந்த மேஜைக்கு முன்னால் நிஜமாகவே நின்றிருக்கிறார்கள், எந்தப் பெயரிலோ, எந்த வருஷத்திலோ. அதனால் ஏட்டு விட்ட இடத்தை நானும் காலியாக விடுகிறேன். உங்களுக்குத் தைரியம் இருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

__________ கன்னத்தில் மச்சம்.

போனில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. ரிசீவரை எடுக்கிற சத்தம். "சார், பாத்துட்டேன்" என்றது குரல்.

"சொல்லு" என்றார் வீராசாமி.

அவருக்குக் கேட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை. சாய்ரா ஏட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.