நல்லமுத்து அண்ணன் எண்ணிய பற்கள்

தனபாலன் அண்ணனை நான் 'யோவ்' என்று கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை காலையில். ஆயர் குரோவில் அவருடைய கடையில், நான்கு வேலையாட்களுக்கு முன்னால். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற பழைய லோரிகளைப் பிரித்து, பாகம் பாகமாக விற்கிற கடை அது. இருபது வருடமாக அவரை 'அண்ணே' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் என்னுடையது. என் மகள் ஷெர்லீனுக்கு அவர் பெரியப்பா முறை. வருகிற சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

"யோவ், நான் கேட்டது ஒண்ணு, நீ குடுத்தது ஒண்ணு. ஏமாத்துறியா?" என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தோணி, நீ ஆறுக்கு நாப்பது கேட்ட. அப்படி ஒரு செட்டு உலகத்துலயே கெடையாது லா. நீ தப்பா எண்ணியிருப்பேன்னுதான் நாப்பத்தொண்ணு குடுத்தேன்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமை எங்கள எதிர்பார்க்காத."

நான் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு எடுத்துக்கொள்ளும். என் மனைவி ஜெயமேரி இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

சங்கதி இதுதான். சிம்பாங் அம்பாட்டில் என் பட்டறைக்கு நல்லமுத்து அண்ணன் லோரி வந்தது. செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி. பின்பக்க டிஃப்ரன்ஷியல் நொறுங்கிப்போயிருந்தது. எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதுதான். உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம், அதை உருட்டுகிற சின்னப் பினியன். இரண்டிலும் எத்தனை பல் என்று தெரிந்தால்தான் சரியான மாற்று கிடைக்கும். நான் லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். கண்ணாடி வீட்டில் இருந்தது. கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களே என்று ஒரு வெட்கம், வேறொன்றுமில்லை. "அண்ணே, பல்ல எண்ணிச் சொல்லுங்க" என்றேன். அவர் பொறுமையாக எண்ணி, "சின்னதுல ஆறு, பெருசுல நாப்பது" என்றார். அதையே தனபாலன் அண்ணனுக்கு ஃபோனில் சொன்னேன்.

வந்ததை மாட்டினோம். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது, சத்தமே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது, லோரியோ ஊர்ந்துதான் போகிறது. மீட்டரில் எண்பது. பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசி வரைபடத்தில் அறுபத்தெட்டு. இரண்டில் எது பொய் என்று யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. நேராக ஆயர் குரோவுக்குப் போய் வாயைத் திறந்துவிட்டேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது. கால்குலேட்டரை எடுத்தேன். நாற்பதுக்குப் பதில் நாற்பத்தொன்று வந்தால் எண்பதில் இரண்டு கிலோமீட்டர்தான் குறையும். பன்னிரண்டு எப்படிக் குறையும்? இது இரும்பு. இரும்புக்கு யார் மேலும் பகை கிடையாது. எங்கேயோ வேறு கணக்கு இருக்கிறது என்று மனசு அரிக்க ஆரம்பித்தது.

ஜெயமேரியிடம் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, மாட்டிக்கொண்டு, உடைந்த பழைய பினியனைக் கையில் எடுத்தேன். முறிந்த பற்களின் அடிக்கட்டையையும் சேர்த்துச் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். ஏழு. பெரிய சக்கரத்தையும் எண்ணினேன். நாற்பத்தொன்று. இன்னொரு முறை எண்ணினேன். அதே ஏழு, அதே நாற்பத்தொன்று.

ஒன்றில் தப்பினால் கவனக்குறைவு. இரண்டிலும் சரியாக ஒன்று மட்டும் எப்படிக் குறையும்? பல்லைக் குறைக்கிற இந்த மாயம் எனக்குப் பிடிபடவில்லை.

நல்லமுத்து அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இத இன்னொரு தடவ எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க."

அவர் பினியனை வாங்கினார். முதல் பல்லில் விரலை வைத்தார். "லாபம்" என்றார். அடுத்த பல்லுக்கு நகர்ந்தார். "ஒண்ணு. ரெண்டு. மூணு..."

"நில்லுங்க, நில்லுங்க! அது என்னண்ணே லாபம்?"

"மொதல் ஒண்ணு லாபம் லா. நான் மங்குஸ்தீன் வித்தவன். பாசார் மாலாமுல, அந்த ராத்திரிச் சந்தையில, முப்பது வருஷம். மொதல் பழத்த லாபம்னு சொல்லி வாங்குறவங்க பையில போட்டுருவேன், அது நம்ம குடுக்குறது. அதுக்கப்புறம்தான் ஒண்ணு ஆரம்பம்."

"ஊர்ல லாபம்னா ரெண்டுதானேண்ணே அடுத்தது வரும்?"

"அவங்க அப்படி. நான் இப்படி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிதர் முப்பது வருடம் எல்லாருக்கும் ஒரு பழம் கூடக் கொடுத்திருக்கிறார். என் பற்களில் மட்டும் ஒன்றைக் குறைத்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? எண்ண வேண்டியவன் நான். நாற்பது கிடையாது என்பதால் தனபாலன் அண்ணன் அதைத் திருத்தினார். ஆறு இருக்கிற எண் என்பதால் அதை நம்பினார். அந்த மனுஷனையா ஏமாற்றுக்காரன் என்றேன்! வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

நல்லமுத்து அண்ணனையும் பினியனையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆயர் குரோவுக்குப் போனேன். நான்கு பேர் முன்னால் கத்தியவன் நான்கு பேர் முன்னால்தான் பேச வேண்டும். வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். "அண்ணே, தப்பு என்னோடது. உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்றேன். தனபாலன் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை, ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்லமுத்து அண்ணன் எண்ணிக் காட்டினார். 'லாபம்' என்றதும் ஒரு பையன் சிரித்தான். தனபாலன் அண்ணன் பினியனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஏழுக்கு நாற்பத்தொன்றை உருட்டிக்கொண்டு வந்து என் காருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எண்ணிட்டு எடுத்துக்க" என்றார்.

நான் எண்ணவில்லை. "அண்ணே, சனிக்கிழமை..." என்று இழுத்தேன்.

"எங்க வீட்டுலேர்ந்து மூணு பேர் வருவாங்க."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவர், அண்ணி, இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் நான்கு பேர்.

"மூணு பேரா, அண்ணே?"

அவர் நல்லமுத்து அண்ணன் பக்கம் கையைக் காட்டினார்.

"இவரு கணக்குல சொல்றேன் லா" என்றார்.