தமர்க்காரருக்காக ஊதியவன்

பத்துப் பதினைந்து பேருக்கு ஊதி முடித்தபோது துருத்திக்கு விலா இரண்டும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. காது அடைத்துக்கொண்டது. அட்டைக் குழாய் அழுத்தி அழுத்தி உதடு மரத்துவிட்டது. தண்ணீர் லாரியின் நிழலில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான்.

வருஷத்துக்கொரு தரம் கல்குவாரிக்கு ஒரு மருத்துவ வண்டி வரும். குழாயில் வாய் வைத்து இருக்கிற மூச்சையெல்லாம் ஊத வேண்டும். திரையில் கோடு ஏறினால் வேலை உண்டு. ஏறாதவனை மறுநாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நெஞ்சு கெட்டவர்கள் எல்லாருக்கும் துருத்திதான் ஊதினான். சட்டையை மாற்றிக்கொள்வான், தலைக்கவசத்தை மாற்றிக்கொள்வான். முகத்தை மாற்றத் தேவையில்லை. கிரஷர் தூள் படிந்த பிறகு அங்கே எல்லாருக்கும் ஒரே முகம்தான். துருத்தி என்ற பேர் அப்படி வந்தது. சொந்தப் பேரை அக்காவே மறந்து பல காலம் ஆகிறது.

அவன் நெஞ்சு மட்டும் கெடாததற்குக் காரணம் மாமா. அக்காவின் புருஷன். பாறையில் வெடி வைப்பதற்குத் துளை போடுகிற தமர்க்காரர். துளையிலிருந்து பீறிடும் தூள் முதலில் தமர்க்காரன் மூக்குக்குள் போய்விட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகும். துருத்தி வேலை கேட்டு வந்தபோது முதலாளி அவனையும் தமருக்கே அனுப்பப் பார்த்தார். மாமா வழியை மறித்து நின்றுகொண்டார். "என் பொண்டாட்டிக்கு இருக்கறது ஒரே தம்பி. அவனைக் கண்ணாடிக்குள்ள உட்கார வைங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து தமரை நீங்களே பிடிங்க" என்றார். அப்படித்தான் அவன் பொக்லைன் இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறினான்.

இப்போது மாமா மெல்ல நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்வதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாப்ள, இன்னும் ஒரு ஊது பாக்கியிருக்கு."

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? முதல் போணியே நீங்கதானே? மறந்துட்டீங்களா?"

"இது இந்த வண்டிக்கு இல்ல. கயிலாயத்துக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "மாமா அங்க போறாரா? சிவன் உஷாரா இருக்கணும்டா. அசந்தா அடியில தமர் போட்டுடுவாரு" என்றான் ஒருவன். மாமாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது சூப்பர்வைசரின் கைபேசி. ஒருநாள் டீ நேரத்தில் அவர் ஏதோ படம் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையாய், தனியாய், ஒரு பெரிய மலை.

"இதுல எவன் குவாரி எடுத்திருக்கான்?" என்று மாமா கேட்டார்.

"குவாரியா! கால் வைக்கவே விடமாட்டாங்க. சிவன் இருக்கற மலைங்க இது. உச்சிக்கு ஒருத்தரும் போனதில்லை. சுத்தி வந்து கும்பிட்டுட்டுத் திரும்பறதோட சரி."

திரை தானாக அணையும்வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மலையைத் தின்று தீர்த்த குவாரி அது. மூன்றிலும் முதல் துளை அவர் போட்டது. கோவிலுக்கு அக்கா கூப்பிட்டால் வெளியே செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள், அன்று வீட்டுக்கு வந்து, "மலைன்னா எனக்கு உள்ள பூந்துதான் பழக்கம். செத்துப்போறதுக்குள்ள ஒண்ணையாவது சுத்தி வரணும்" என்றார். அக்கா முதலில் திட்டினாள். பிறகு ஒருநாள் கம்பளிச் சட்டை இரண்டை இரவல் வாங்கி வந்து கொடியில் போட்டாள். அதோடு பேச்சு முடிந்தது, ஏற்பாடு தொடங்கியது.

அக்காவும் மாமாவும் இருந்தது நான்காவது மாடியில், லிப்ட் இல்லாத கட்டடம். அக்கா ஒரு பையில் ஜல்லியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகினாள். அண்டை வீட்டுக்காரர்கள் வீடு மாற்றுகிறாளோ என்று நினைத்தார்கள். மாமாவும் ஏறிப் பார்த்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஜன்னல் திண்டில் உட்கார்ந்துகொண்டு, "நீ போ, நான் காத்து வாங்கிட்டு வர்றேன்" என்பார். அங்கே வாங்குகிற அளவுக்குக் காற்று வந்ததே இல்லை.

பயணக் கம்பெனிக்கு மூவரும் போனார்கள். சுவரில் அதே மலை, காலண்டராகத் தொங்கியது. கம்பெனிக்காரர் கணக்காகப் பேசினார். வண்டி போகிற தூரம் போகும். பிறகு மூன்று நாள் நடை. நடுநாளில் ஒரு கணவாய். குதிரை கிடைக்கும், ஆனால் கணவாயில் இறங்கி நடந்துதான் ஆகவேண்டும். அங்கே காற்று இங்கே இருப்பதில் பாதி.

"பாதியா?" என்றார் மாமா. "பரவால்ல. எனக்கு இங்கயே அவ்வளவுதான் வருது. பழக்கம்தான்."

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. "நாங்க சொல்ற கிளினிக்ல நெஞ்சு சோதனை பண்ணணும். முதல்ல ஊதணும். அதுல தேறினாத்தான் மத்த சோதனை. சான்று இல்லாம ஏத்தமாட்டோம்."

மாமா துருத்தியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மற்ற இருவரும் படியிறங்கியதும் துருத்தி திரும்பிப் போய்க் கேட்டான். "மேல போய் ஒருத்தருக்கு மூச்சு முட்டினா என்ன சார் பண்ணுவீங்க?"

"உடனே கீழ இறக்கணும். அதுதான் வைத்தியம்."

"இறக்கிடுவீங்களா?"

கம்பெனிக்காரர் மேஜைமேல் இருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "கணவாய்க்கு அந்தப் பக்கம்னா இறக்கறதுக்குள்ள நேரமாயிடும். யாருக்குக் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்."

அன்று மாலை படிக்கட்டில் அக்காவைப் பிடித்தான். அவள் முதுகுப் பையைக் கழற்றாமல் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, நான் ஊதினா அவர் போவார். போனா திரும்பி வரமாட்டார். சொல்லிட்டேன்."

"இங்க இருந்தா மட்டும் நூறு வயசு இருப்பாராக்கும்?"

"அதுக்கில்லக்கா..."

"நீ ஊதிக் கொடுத்துட்டுப் போயிடற. பக்கத்துல படுக்கறவ நான். ஒவ்வொரு மூச்சா இழுத்து எடுக்கறார், கெணத்துல வாளி இழுக்கற மாதிரி. எப்ப கயிறு அறுமோன்னு முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன்." பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கட்டில்ல இருமிக்கிட்டே போறதுக்கு, நடந்துக்கிட்டே போகட்டும்டா. ஆசைப்பட்ட இடம். நானும் பக்கத்துல இருப்பேன். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் எதையும் வேணும்னு கேட்டதில்லை. ஊதிக் கொடு."

"சரி" என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

கிளினிக்கில் அடையாள அட்டையைப் பார்க்கிற வேலை வாசல் மேஜையோடு முடிந்தது. மாமா அட்டையைக் காட்டி டோக்கன் வாங்கினார். பெஞ்சில் வந்து உட்கார்ந்து, டோக்கனைத் துருத்தியின் கையில் திணித்தார். குளித்து, தலை வாரி, புதுச்சட்டை போட்டிருந்தார். தூள் இல்லாத மாமாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கன்னம் உள்ளே போய் எலும்பு தெரிந்தது.

"மூக்கைக் கெட்டியா அடைச்சுக்க. ரொம்பவும் ஊதித் தொலைச்சுடாதே, மிஷின் உடைஞ்சா நம்ம தலையில கட்டிடுவாங்க" என்றார்.

உள்ளே இருந்த பெண் அவன் மூக்கில் கவ்வியை மாட்டினாள். குழாயைக் கொடுத்தாள். "நல்லா இழுங்க... இழுங்க... ம், ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்..."

துருத்தி நெஞ்சு நிறைய இழுத்தான். இழுத்தபோது கதவுக் கண்ணாடி வழியே நடைபாதை தெரிந்தது. மாமா பெஞ்சின் விளிம்புக்கு வந்திருந்தார். உள்ளே அந்தப் பெண் "ஊதுங்க" என்று கத்துவது வெளியே கேட்டிருக்க வேண்டும். அவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு, தோளைத் தூக்கி, அவனோடு சேர்ந்து ஊதினார். வண்டி தள்ளுகிறவனுக்கு ஒரு கை கொடுக்கிற மாதிரி. ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. இருமல் வந்து அவரை இரண்டாக மடித்தது. முகம் கறுத்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

துருத்தி உதட்டைத் தளர்த்தினான். இழுத்த மூச்சு குழாய்க்கு வெளியே, கடைவாய் வழியாகக் கசிந்து போயிற்று.

"இது சரியில்ல. இன்னொரு தடவை" என்றாள் பெண்.

இரண்டாவது தடவையும் பாதியில் விட்டான். மூன்றாவது தடவை அவள் கத்தவே இல்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"தமர். பாறையில துளை போடறது."

"அதான். இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு நீங்க மாடி ஏறுறதே பெரிசு. மலையெல்லாம் மறந்துடுங்க."

குவாரி வண்டியில் வருஷா வருஷம் நன்றாக ஊதி எழுதவைத்ததெல்லாம் பொய். இன்று ஏமாற்றி ஊதியதில்தான் மாமாவின் நெஞ்சைப் பற்றி முதல் முறையாக ஓர் உண்மை காகிதத்தில் ஏறியது.

வெளியே வந்தான். திட்டு வாங்கத் தயாராக வந்தான்.

"ஏறல மாமா."

மாமா அவனையே பார்த்தார். கோபம் வரவில்லை. வாய் மெல்லத் திறந்தது. எழுந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"உனக்குமா மாப்ள?" குரல் உடைந்துவிட்டது. "கண்ணாடிக் கூண்டுன்னு நம்பினேனே. அதுக்குள்ளயும் பூந்துடுச்சா? என்கிட்ட ஏண்டா சொல்லல?"

துருத்தி வாயைத் திறந்தான்.

"பேசாத. மூச்சு வாங்கும். உட்காரு" என்று மாமா தோளை அழுத்தி அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தார். அவரே நடந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். பேருந்தில் ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டார். வழி முழுக்கச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. சொன்னால், வேண்டுமென்றே விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். இறங்கும் இடம் வந்துவிட்டது.

அதன்பிறகு மாமா கயிலாயம் என்ற சொல்லை எடுக்கவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. குவாரியில் எல்லாரையும் கூட்டி வைத்து, "இனிமே எவனாவது அவனை ஊதச் சொன்னீங்க, வாயிலயே போடுவேன். அவனையும் இந்தத் தூள் தின்னாச்சு" என்றார். மலைக்கு வைத்திருந்த பணத்தில் அவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். துருத்தி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். நல்ல நெஞ்சு என்று அங்கே சொல்லிவிட்டால்?

அலையவேண்டிய பாடு இருக்கவில்லை. மாமாவே படுத்துவிட்டார். அந்தப் பணம் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போயிற்று. இரவல் கம்பளிச் சட்டை இரண்டையும் அக்கா துவைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

சிலிண்டரைத் தோளில் வைத்து நான்கு மாடி ஏற்றுவது துருத்தியின் வேலை. நிற்காமல் ஏறிவிடுவான். கடைசித் திருப்பத்தில் சிலிண்டரை இறக்கிவைத்து, வாயைத் திறந்து, வராத மூச்சிரைப்பை வரவழைத்துக்கொண்டு, பிறகுதான் கதவைத் தட்டுவான்.

"மெதுவா ஏறக்கூடாதா?" என்று உள்ளிருந்து மாமா அதட்டுவார். அதைச் சொல்வதற்குள் ஆக்சிஜன் முகமூடியை இரண்டு தரம் எடுத்து மாட்டவேண்டும். "வேற ஆளை வச்சுக்கடா... உனக்கே முடியாத உடம்பு." ஒருநாள் முகமூடியைக் கழற்றி அவனிடமே நீட்டினார். "கொஞ்சம் இழுத்துக்க. எனக்குப் போதும்."

துருத்தி வாங்கினான். மாமா பார்த்துக்கொண்டிருந்ததால் மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

அடுத்த கயிலாயப் பயணம் கிளம்புகிற பருவம் வருவதற்குள் மாமா போய்விட்டார். கட்டிலில், இருமிக்கொண்டே, அக்கா சொன்ன மாதிரியே.

காலிச் சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டை ஒரே நடையில் கொண்டுபோய்விட்டு, மீதி ஒன்றை எடுக்கத் திரும்பவும் மேலே வந்தான். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இரைக்கலையா?" என்றாள்.

அவன் நின்றான்.

"முதல் சிலிண்டர் கொண்டுவந்த அன்னிக்கே மேலேர்ந்து எட்டிப் பார்த்தேன். ஓடி வர்ற மாதிரி வந்த. வந்து நின்னு நடிச்ச."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"யார்கிட்ட? அவர்கிட்டயா? மச்சினனுக்கு ஒண்ணுமில்லன்னு சந்தோஷப்படுவாரு. அடுத்த நொடி, அப்ப ஏன் ஏறலைன்னு யோசிப்பாரு. ரெண்டையும் தாங்கற அளவுக்கு அவருக்கு மூச்சு இருந்துச்சா?"

"அங்க போனா செத்துடுவார்னுதான்க்கா..."

"இங்க என்ன ஆனார்?"

அவள் நகர்ந்து வழிவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. கட்டில் கிடந்த இடம் கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. மூலையில் இருந்த கடைசிச் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, நீயாவது போய்ட்டு வர்றியா? நான் கூட வர்றேன்."

"எனக்கு எந்த மலையும் வேண்டாம். கேட்டவர் அவர்" என்றாள். "கொடுக்கறேன்னு சத்தியம் பண்ணினவன் நீ. அவருக்கு நீ ஒரு முழு மூச்சு பாக்கிடா."