சரிவில் வைத்த பந்து

இறைச்சி அடைத்துச் சுட்ட எம்பனாடாத் தட்டின் மேல் முதல் மழைத்துளி விழுந்ததும் நெல்டா காரின் டிக்கியைப் பட்டென்று சாத்தினாள்.

"ஏய், நான் இன்னும் ஒண்ணுகூடத் திங்கலடி!" என்று அலறினான் வென்சே.

"மூணு உள்ள போனத என் கண்ணால பாத்தேன். மொதல்ல வாயத் தொடச்சுக்கடா."

வென்சே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் நெல்டாவுக்கும் ஒரே வயது, இருவருமே ஐம்பதைத் தாண்டியாயிற்று. எதிரும் புதிருமாகப் பிறந்து வளர்ந்தவர்கள். அவன் வீடு ஆன்க்லா தெருவின் மேல்பாதியில், இவள் வீடு கீழ்பாதியில். இப்போது மேல்பாதியும் இல்லை, கீழ்பாதியும் இல்லை. ஆனாலும் செப்டம்பர் பதினெட்டு, நாட்டின் பிறந்தநாள் வந்துவிட்டால், வால்பரைசோ நகரம் முழுக்கக் கொடியும் பட்டமும் சுட்ட இறைச்சி வாசனையுமாக இருக்கும்போது, ஆன்க்லா தெருக்காரர்கள் எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, தெரு இருந்த இடத்தில் எழுந்த இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் முன்னாலிருக்கும் நடைபாதையில் கூடுவார்கள். தங்கள் வீட்டு வாசல் இருந்ததாக நினைக்கிற இடத்தில் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். அடுக்குமாடிக்காரர்கள் ஏதோ போராட்டம் என்று பயந்து ஜன்னலைச் சாத்திக்கொள்வதும் உண்டு.

தெருவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும், கப்பல்காரர்களின் துணியை வெளுத்துக் கொடுக்கிற பெண்களும் குடியிருந்த தெரு. என்ன செங்குத்து அது! அடுப்பில் வைத்த பீன்ஸ் சட்டியின் ஒரு பக்கம் பொங்கி வழியும், மறுபக்கம் அடிப்பிடிக்கும். மேல்வீட்டில் ஒரு வெங்காயம் கை தவறி விழுந்தால் கீழே பிடித்தவருக்கே சொந்தம் என்பது தெருவின் சட்டம். கீழ்வீட்டுக்காரர்கள் காசு கொடுத்து வெங்காயம் வாங்கியதே இல்லை என்று மேல்வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். குடித்துவிட்டு வருகிற அப்பாக்கள்கூட அந்த ஒரு தெருவில்தான் நேராக நடப்பதுபோல் தெரிவார்கள், ஏனென்றால் மற்றவர்கள் எல்லோருமே சாய்ந்து நடப்பார்கள். சண்டை இருந்தது, பசியும் இருந்தது. அதையெல்லாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் கூடி நின்று பேசும்போது சிரிப்புதான் முதலில் வந்தது.

பந்தாட்டமும் அப்படித்தான். மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் எப்போதும் ஓயாத போட்டி. மேலே அடிக்கிறவன் உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும், கீழே அடிக்கிறவன் பந்தைத் தொட்டால் போதும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். தவறிப் போகிற பந்து நேரே டிராலிபஸ் ஓடுகிற பெரிய சாலைக்குப் போய்விடும் என்பதால், அடிவாரத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஆள் நெல்டா. உட்கார வைத்தவன் அவளுடைய அண்ணன், கீழ்பாதியின் தலைவன் ராமிரோ. "பொட்டப்புள்ளைக்கு இதுவே பெரிசு" என்பான். நெல்டா பந்தைக் காலால் தடுப்பாள், மார்பால் தடுப்பாள், ஒருமுறை நெற்றியால் தடுத்து மயங்கியும் விழுந்தாள். "போடி, எடுத்துட்டு வா" என்பதைத் தவிர யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுடைய பதினோராவது வயதில் ஒரு நாள், கீழ்பாதியில் ஒருவனை அவன் அம்மா ரொட்டி வாங்க இழுத்துக்கொண்டு போனாள். ஆள் இல்லாமல் நெல்டாவை இறக்கினார்கள். இறங்கிய வேகத்தில் அவள் கோலுக்கு முன்னால் போய் நிற்க, கோலில் நின்ற வென்சே பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டான். முட்டி கிழிந்து ரத்தம். பெனால்டி! விழுந்தவர்தான் அடிக்க வேண்டும் என்பதும் தெருவின் சட்டம். ராமிரோ என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், மேல்பாதிக்காரர்களே விடவில்லை.

அந்தத் தெருவில் பந்து நிற்காது. அதனால் பெனால்டி அடிக்கும்போது கூட்டாளி ஒருவன் குப்புறப் படுத்து ஒரு விரலால் பந்தைப் பிடித்துக்கொள்வான். கால் வந்து படும்வரை விரலை எடுக்கக் கூடாது. அன்று ராமிரோ முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தங்கைக்காகப் படுத்தான். நெல்டா பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் கீழேயிருந்து லாரிகள் ஏறி வந்தன. தெருவைக் காலி செய்ய அடுத்த வாரம் வருவோம் என்று சொல்லியிருந்தவர்கள் அன்றைக்கே வந்துவிட்டார்கள். அம்மாக்கள் கூப்பிட்டார்கள், கட்டில்கள் வெளியே வந்தன. பந்தை யார் எடுத்துப் போனார்கள் என்றே தெரியவில்லை.

ஊருக்கு வெளியே தட்டையான நிலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள் கிடைத்தன. அங்கே போன பிறகுதான் ஆன்க்லா தெருப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. சமதரையில் அவர்களுக்குப் பந்தாடவே வரவில்லை. மேல்நோக்கி அடித்துப் பழகிய கால், அடித்த பந்தெல்லாம் சுவர் தாண்டிப் போனது. மெதுவாக அடித்தால் பாதியிலேயே நின்றது, மிச்சத்துக்குத் தானாக உருளும் என்று இவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்! ஊரே சிரித்தது. ராமிரோவை ஒரு கிளப்பில் ஆடிக் காட்டச் சொன்னார்கள். அவன் அடித்த பந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கூரைக்குப் போனது, அவனும் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

நெல்டா கல்யாணம் செய்துகொண்டாள், பெண்ணும் பையனுமாகப் பெற்றாள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்குள்ள பெண்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடி, கஷ்டப்பட்டுச் சமதரைக் கால் ஒன்றைப் பழக்கிக்கொண்டாள். ஆனால் அடிக்காத அந்தப் பெனால்டி அவளை விடவில்லை. வெங்காயம் நறுக்கும்போது மனதுக்குள் அடிப்பாள், பஸ்ஸில் நின்றுகொண்டே அடிப்பாள். சில நாள் கோலாகும், சில நாள் வென்சே பிடித்துவிடுவான். ஒவ்வொரு செப்டம்பர் பதினெட்டிலும் அதை அடிக்க விடச் சொல்லி அவள் கேட்பாள், அவர்களும் சிரிப்பார்கள். "எங்கடி அடிப்ப? லிஃப்டுலயா?" அவளும் கூடச் சிரிப்பாள். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

மழை வலுத்தது. அடுக்குமாடியின் வாயிற்கதவைத் திறந்துகொண்டு காவலாளி எலியசெர் வந்தார். வருஷா வருஷம் வழியை மறைக்காதீர்கள் என்று விரட்டுகிறவர். இன்று அவர் மூக்கு முதலில் டிக்கியின் பக்கம் திரும்பியது.

"அத்தன பேரும் ஊருக்குப் போயிட்டாங்க, கார் நிறுத்துற எடம் காலியா கெடக்கு" என்றார். "நனையாதீங்க, உள்ள வாங்க. அரை மணி நேரந்தான். சத்தம் மட்டும் வரக் கூடாது."

"ஐயோ, மூச்சுகூட விட மாட்டோம்ணே" என்று நெல்டா ஒரு தட்டை அவர் கையில் வைத்தாள்.

தரைக்கு அடியிலிருந்த நிறுத்துமிடத்துக்கு நீளமான ஒரு சரிவுப் பாதை இறங்கியது. பேசிக்கொண்டே இறங்கினார்கள். பாதி வழியில் வென்சே சட்டென்று நின்றான்.

"டேய், யாராவது கைப்பிடியப் பிடிச்சீங்களா?"

யாரும் பிடிக்கவில்லை. நரைத்தவர்கள், மூட்டுவலிக்காரர்கள், எல்லோரும் ஒரே அளவுக்குப் பின்னால் சாய்ந்து, கையை வீசிக்கொண்டு நடந்திருந்தார்கள். ராமிரோ குனிந்து சிமெண்டைத் தொட்டான்.

"நம்ம சரிவுடா இது" என்றான்.

நெல்டா யாருடைய பேரனோ காரில் விட்டுப் போயிருந்த பந்தை ஓடிப் போய் எடுத்து வந்தாள்.

"வென்சே, ஏறி நில்லு. அண்ணே, நீ படு."

"பைத்தியமாடி உனக்கு? என் முட்டியப் பாத்தியா?"

"என் முட்டிய நீ பாத்தியா அன்னிக்கி? படு."

ராமிரோ அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, முனகிக்கொண்டே குப்புறப் படுத்து, ஒரு விரலால் பந்தைப் பிடித்தான். மேலே இரண்டு ஜாக்கெட்டுகளைக் கோலாகப் போட்டு நடுவில் வென்சே நின்றான். முன்பைவிட இரண்டு பங்கு அகலமாகியிருந்தான், அதுவே பெரிய அநியாயம்.

நெல்டா பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் பயம் வந்தது. எந்தக் காலால் அடிப்பது? சரிவில் வளர்ந்த கால் இன்னும் இருக்கிறதா, இல்லை, பாடுபட்டுப் பழக்கிய சமதரைக் கால் அதைத் தின்றுவிட்டதா? இத்தனை வருஷம் மனதுக்குள் அடித்ததெல்லாம் எந்தக் காலால்? இதையும் தவறவிட்டால் இனி நினைத்து அடிக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"அடிடி, வெரல் மரத்துப்போச்சு!" என்று கத்தினான் ராமிரோ.

ஓடினாள். யோசிக்கவில்லை. உயிரைக் கொடுத்து அடித்தாள்.

பந்து வென்சேயின் இடுப்பை உரசி, ஜாக்கெட்டின் கையைத் தட்டி, சரிவில் ஏறிக்கொண்டே போனது. மேலே நின்றிருந்த எலியசெர், வாயில் எம்பனாடாவோடு, கார் வரும் பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். பாதையின் மேல்முனையிலிருந்த தடுப்புக்கம்பு தூக்கிக்கொண்டது. பந்து வெளிச்சத்துக்குள் போய் நின்றது.

"கோல்!" என்று நெல்டா அலறிக்கொண்டே மேலே ஓடினாள்.

"கோல் இல்ல! ஜாக்கெட்டுக்கு வெளிய போச்சு!"

"உள்ளடா, குருடா!"

"பந்த முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க! அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஏமாத்துறாங்க! கள்ளி! அப்பவே கள்ளி இவ!"

மேல்பாதி முழுக்க அவளைப் பார்த்துக் கத்தியது. கள்ளி, ஏமாத்துக்காரி, மறுபடி அடி. கீழ்பாதி பதிலுக்குக் கத்தியது. சுவர்கள் அதிர்ந்தன, சத்தத்தைப் பற்றி எலியசெர் ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. நெல்டா பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மழையில் நின்றாள். தன்னோடு இப்படி யாரும் சண்டை போட்டதே இல்லை என்று நினைத்தாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"யாருடா கள்ளி? வந்து அளந்து பாருங்கடா!" என்று அவளும் கத்தினாள்.

கீழே ராமிரோ இன்னும் எழுந்திருக்கவில்லை. சிமெண்டில் குப்புறப் படுத்தபடி, பந்து இருந்த இடத்தில் விரலை அழுத்தி வைத்திருந்தான்.

"எடுக்க மாட்டேன்" என்றான். "இங்கதான் இருந்துச்சு. அளங்கடா."

வென்சே ஜாக்கெட்டிலிருந்து தொடங்கி, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட, அடிமேல் அடி வைத்து அந்த விரலை நோக்கி இறங்கி வந்தான். தெரு முழுவதும் அவன் பின்னாலேயே குனிந்துகொண்டு வந்தது.