எலுமிச்சைமேல் விழுந்த வெயில்

நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். நான் அளந்த நிலத்தையெல்லாம் ஒட்டுப்போட்டால் நிலா வரை நடந்து போய்விட்டு வரலாம். வழியில் உட்கார்ந்து காப்பி குடிக்க ஒரு திட்டும் மிஞ்சும். ஓய்வு பெற்ற மறுநாளே வண்ணப்பெட்டி வாங்கிவிட்டேன். மூன்றாம் வருடம், குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பாளர் அம்மா என் தோட்டப் படங்களைப் பார்த்துவிட்டு, காலை வெயிலில் தோட்டம் என்று பன்னிரண்டு படம் கேட்டார். ஒரே நிபந்தனை, கண்ணால் கண்டதை மட்டுமே வரைய வேண்டும்.

“இல்லாத வேலிக்கு நான் கோடு போட்டதே இல்லைம்மா” என்று சத்தியம் செய்தேன்.

அந்த மாதமே கிழக்குச் சுவருக்கு அப்பால் ஒரு கட்டடம் எழும்பியது. வானத்தைத் தொட்ட பிறகும் இரண்டு மாடி மிச்சம் இருந்தது. தோட்டத்தில் காலை வெயில் செத்துப்போனது. நான் குட்டி போட்ட பூனையாக வீட்டுக்குள் அலைந்தேன். மனைவி குக்கர் வைத்தால் விசிலை எண்ணினேன். துணி மடித்தால் ஓரம் நேராக இல்லை என்றேன்.

பத்தாம் நாள் அதிசயம் நடந்தது. சரியாக ஏழு பத்துக்கு எலுமிச்சை மரத்தின்மேல் ஒரு பாய் அகலத்துக்குப் பொன் வெயில். பதினோரு நிமிடம் நின்றது. மறுநாளும் வந்தது. வீட்டுக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டு, ஒரு காலைக்கு ஒரு நிறம் என்று வரைந்தேன். ஞாயிறு மட்டும் வெயில் எட்டு மணிக்குத்தான் வரும். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்தையும் மனைவி எட்டிப் பார்த்து, “அப்படியே இருக்குங்க” என்பாள். எனக்குப் பத்து வயது குறையும்.

பதினோராம் படம் போனதும் பதிப்பாளர் அம்மா போன் செய்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. சுவருக்குப் பின்னாடிதானே சூரியன் உதிக்குது? நிழலும் அந்தச் சுவரைப் பாத்தே விழுதே?”

“எலுமிச்சை இலை எண்ணெய்ப்பசைம்மா. வெளிச்சம் வழுக்கித் திரும்பிடும்” என்று அளந்துவிட்டேன். போனை வைத்ததும் தோட்டத்துக்குப் போய்ச் சுவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மறுநாள் ஏழு பத்துக்கு வெயில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு மாடி ஜன்னலில், அங்கே குடியிருக்கும் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், ஓட்டை பனியனோடு நின்றிருந்தார். கையில் அலமாரிக் கண்ணாடி. கட்டடத்தின் ஓரமாக ஏறிய சூரியன் அவர் ஜன்னலுக்கு எட்டுகிறது. அதை மடக்கி என் மரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“யோவ் சகலை!”

“கத்தாதீங்க, கை ஆடுது.”

பக்கத்தில் என் மனைவி தலை நீட்டினாள். “நான்தான் பிடிக்கச் சொன்னேன். வீட்டுக்குள்ள நீங்க பண்ண அட்டகாசத்துக்கு வேற வழி?”

“பதினோரு படம்டி! கண்ணால கண்டதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்!”

“கண்ணாலதானே கண்டீங்க?”

“தோள்பட்டை போனது எனக்கு” என்றார் சகலை. “வெயில் உதவின்னு புத்தகத்துல என்னையும் போடச் சொல்லுங்க.”

சுவருக்கு அப்பாலிருந்து கட்டட வாட்ச்மேன் டீக் கிளாஸோடு எட்டிப் பார்த்தான். “என்ன சார், இன்னிக்குப் பாதியிலயே நிறுத்திட்டீங்க?” கேள்வி எனக்கில்லை, மாடிக்கு. அப்படியானால் ஊருக்கே தெரியும். முதுகில் குத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; எனக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து விளக்கே பிடித்திருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். ‘அப்படியே இருக்குங்க’ என்று பதினோரு தடவை சொன்ன வாயை நினைத்தபோதுதான் சோறு இறங்கவில்லை.

அடுத்த காலை நாற்காலியைக் கிணற்றடிக்கு மாற்றினேன். வெயில் பின்னால் வந்தது. கொய்யா மரத்தடிக்குப் போனேன், அங்கும் வந்தது. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் தன் தோட்டத்திலேயே வெயிலுக்கு ஒளிந்து ஓடினான். கடைசியில் குடையை விரித்து அடியில் உட்கார்ந்தேன். குடைமேல் வெயில் நடுங்கிக்கொண்டு நின்றது.

“போதும், விடுங்க அத்தான்” என்று மேலே மனைவியின் குரல் கேட்டது. வெயில் அணைந்தது.

அப்போதுதான் தோட்டத்தைப் பார்த்தேன். சுவரில் பாசி, இலைகளுக்கு அடியில் நீலம், எலுமிச்சைப் பூ சிலேட்டு நிறத்தில். எங்கேயும் நிழலே இல்லை, எல்லாமே நிழல். இரண்டு மணி நேரம் வரைந்தேன். யாரையும் எட்டிப் பார்க்க விடவில்லை.

பதிப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ அந்தப் பதினோரு படத்தை என்ன சார் பண்றது?”

“என் படம் ஒண்ணுதாம்மா, இன்னிக்கு வரைஞ்சது. மத்ததுக்கெல்லாம் ஆள் மாடியில இருக்கார்.”

படியில் செருப்புச் சத்தம். சகலை போனுக்குக் கை நீட்டியபடியே இறங்கி வந்துகொண்டிருந்தார். பனியனுக்கு மேல் புதுச் சட்டை.