ஜூம் இல்லாத கேமரா

எந்தக் கேமரா கையில் கிடைத்தாலும் அனில் முதலில் திட்டித்தான் ஆரம்பிப்பான். அவனுடைய யூடியூப் சேனலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். "இந்த வாரம் நம்ம கையில மாட்டினவரு இன்னா பாடு படப்போறாருன்னு பாக்கலாம், வாங்க" என்று தொடங்குவான். குறைகளையெல்லாம் போட்டு உடைத்துவிட்டு, போனால் போகட்டும் என்று கடைசியில் நாலு நல்ல வார்த்தை சொல்வான். மனுஷர்களிடமும் அவன் அப்படித்தான். என்ன, அந்த நாலு நல்ல வார்த்தை வருவதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போயிருப்பார்.

இந்த முறை மாட்டியது ஒரு குட்டிக் கேமரா. பார்த்தால் சோப்புப் பெட்டி, விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். பெங்களூரில் ஒரு கடைக்காரர் வீடியோ போடச் சொல்லி இரவல் கொடுத்திருந்தார், திங்கட்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சென்சார் பெரியது, லென்ஸ் மங்கல் வெளிச்சத்திலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும். படம் எடுத்தால் சத்தமே வராது, எடுக்கப்படுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. அதெல்லாம் சரி. பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது. பிடி வழுக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் ஜூம் கிடையாது. தூரத்தில் இருப்பது தூரத்திலேயே இருக்கும், வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். "இவ்ளோ காசையும் குடுத்துட்டு நடக்க வேற நடக்கணுமா?" என்று வீடியோவுக்கு முதல் வரியைக்கூட அனில் யோசித்து வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, பெங்களூர் ஆபீஸுக்குப் போகும் ரயிலில் பியூலா அக்கா அவனைத் தேடிக்கொண்டு கடைசிப் பெட்டிக்கே வந்துவிட்டாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்குப் போய் வருகிறவர்களில் அவளுக்குத் தெரியாதவர் யாருமில்லை.

"அனிலு, திங்கக்கெழம நாலாவது பெட்டிக்கு வந்துடு. ஷோபாவுக்கு வளைகாப்பு வெச்சிக்கீறோம்."

அனில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஷோபா அவனுடைய தங்கை. இரண்டு வருஷமாக அவளோடு பேச்சு இல்லை.

"நீ ஒண்ணும் பேச வேணாம்பா. சும்மா நாலு போட்டோ புடிச்சிட்டுப் போ. அத்தினி நல்ல கேமராவ வெச்சிகினு கீற, நாங்க செல்போன்ல புடிச்சிகினு இருக்கணுமா?"

வண்டியில் வளைகாப்பா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். தங்கவயல் ஆட்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு வாழ்க்கையில் பாதி ரயில் பெட்டியில்தான் நடக்கிறது. பிறந்தநாள் கேக்கும் அங்கேதான், ஆயுதபூஜைப் பொரியும் அங்கேதான். நாலாவது பெட்டியில் இதுவரை எத்தனையோ பெண்களுக்கு வளையல் ஏறியிருக்கிறது. பியூலா அக்கா கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள், சந்தனக் கிண்ணம் என்னவோ அவள் பையிலிருந்துதான் வரும். கேட்டால், "ட்ரெயினுக்கு ஏது சபை?" என்பாள்.

எழுந்து போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். "மொத வளையல் பொறந்த வீட்டுது ஏறணும்பா. நாங்க எத்தினி பேர் போட்டாலும் அதுக்கு ஈடாவாது. யோசிச்சிக்க."

ஷோபாவுக்குப் பிறந்த வீடு என்றால் அனில் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த இரண்டு ரூம் லைன் வீட்டில் அண்ணனும் தங்கையுமாகத்தான் இருந்தார்கள். ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே சாப்பாட்டு டப்பா. ஒரு நாள் அவள் ஷெர்வினை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றாள். ஷெர்வின் நல்ல பையன், அனிலுக்கே தெரிந்த பையன். ஜாதியும் மதமும் அனிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாளே நாலாவது பெட்டியை விட்டுக் கடைசிப் பெட்டிக்கு மாறிக்கொண்டான். அவள் எத்தனையோ தரம் வந்து நின்று பார்த்தாள், இவன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு சைனைடு மேட்டுக்குப் போனான். சைனைடு போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், ஊருக்கு நடுவில் குன்று குன்றாகக் கிடக்கும். தங்கவயலில் யார் கேமரா வாங்கினாலும் கால் முதலில் அங்கேதான் போகும். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்வதும் அங்கேதான். அன்றைக்குக் காற்று அடித்த அடியில் மாவு போன்ற தூள் மூக்கு, காது எல்லாவற்றிலும் ஏறியது. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் மேலே இடது பக்கம் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸ் மூடித் திறக்கும் இடுக்கு வழியாகத் தூசி சென்சாருக்கே போய்விட்டது. பெரிய கேமரா என்றால் கழற்றி ஊதிவிடலாம், இதைத் திறக்கவே முடியாது. "இரவல் பொருள எடுத்துகினு அங்க போவியா? மூள கீதா உனக்கு?" என்று அனில் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் கண்ணாடி வளையல் வாங்கினான். பச்சை நிறம், ஒரு டஜன். கிட்டத்தில் வைத்து எடுத்தால் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் வாங்குகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "சைஸு?" என்று கடைக்காரர் கேட்டார். "ரெண்டு நாலு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது ஷோபாவின் சைஸ். அம்மா போன பிறகு பொங்கலுக்குப் பொங்கல் அவன்தான் அவளுக்கு வளையல் வாங்கித் தருவான். கேமராவைச் சோதிக்க சைஸ் எதற்கு? நல்லவேளை, கடைக்காரர் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வண்டி பங்காருபேட்டையை விட்டுக் கிளம்பியபோது விடிந்திருந்தது. நாலாவது பெட்டியில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது, சித்ரான்னத்தின் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. அனில் கதவோரம் நின்றுகொண்டான். அங்கிருந்தே நாலு படம் எடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்பது அவன் கணக்கு. கேமராவைத் தூக்கினான். ஒரு ஃபேன், மூன்று தொங்கும் பைகள், யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலை, எல்லாவற்றுக்கும் அப்பால் மிளகு அளவில் ஷோபாவின் முகம்.

"இன்னா பிரதர், ஜூம் போடுங்க" என்றார் பக்கத்தில் நின்ற ராஜ்குமார், தினமும் அந்தப் பெட்டியில் வருகிறவர்.

"இதுல ஜூம் இல்ல."

"அடப்பாவமே! இந்த வெலைக்கு ஜூம்கூட இல்லயா? மொதல்லயே சொல்லியிருந்தா என் செல்போனக் குடுத்திருப்பேனே!"

பெட்டியே சிரித்தது. சிரிப்பு கேட்டு ஷோபா திரும்பிப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே பயந்து, தாழ்ந்துகொண்டது. இது வம்பாகப் போயிற்றே என்று அனில் இரண்டு சீட் முன்னால் போனான். இப்போது தோள்கள்தான் தெரிந்தன. இன்னும் இரண்டு சீட் போனான். யாரோ வழி விட்டார்கள், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியும் விட்டார்கள். நின்று பார்த்தபோது தங்கை எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இடது கையில் முழங்கை வரைக்கும் வளையல், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக. அனில் சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்தான். திரையைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வலது கையில் ஒன்றுகூட இல்லை.

"அந்தக் கையில ஏன் போடல?" இரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அந்தக் கைக்கு மொத வளையல் உனுக்குன்னு வெச்சிக்கீறேன்ணா."

"நான் வராம போயிருந்தா?"

"எறங்கற வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

அனில் கேமராவைக் கீழே இறக்கினான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நின்னு கட்டி வெச்சிருப்பேனேம்மா" என்றான்.

"தெரியும்ணா. ஆனா நீ மொதல்ல திட்டுவ. நீ திட்டி முடிக்கிற வரைக்கும் நிக்க எனுக்கு அன்னிக்குத் தெம்பு இல்ல."

அதற்குமேல் கேமரா எதற்கு? அதைப் பக்கத்தில் யாரிடமோ நீட்டிவிட்டு அனில் கேமராப் பையைத் திறந்தான். பச்சை வளையல்கள் காகிதத்துக்குள் பத்திரமாக இருந்தன. அவள் வலது கையைப் பிடித்து முதல் வளையலை ஏற்றினான். கட்டை விரல் மூட்டோடு நின்றுவிட்டது.

"உன் சைஸுதானே? ரெண்டு நாலு?"

"கை வீங்கியிருக்குதுண்ணா. ஏழாம் மாசத்துலருந்தே."

தங்கையின் கை வீங்கியிருப்பது இவனுக்கு எங்கே தெரியும்? இரண்டு வருஷத்துக்கு முந்தைய கைக்கு வளையல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அனில் அழுதுவிட்டான். ஆபீஸ் போகிற சட்டையோடு, ஐடி கார்டு கழுத்தில் தொங்க, அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழுது ஆவப்போறது இன்னா? தள்ளு" என்று பியூலா அக்கா தேங்காய் எண்ணெயோடு வந்தாள். நர்ஸ் கையாயிற்றே, அந்த வீங்கின கையை நீவி நீவிக் குறுக்கிப் பிடித்தாள். "இப்ப போடு. மெதுவா. ஒடஞ்சுதுன்னா உன்ன வண்டியிலருந்து தள்ளிடுவேன்." வண்டி குலுங்கியது. அனில் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வளையல் மூட்டைத் தாண்டி மணிக்கட்டில் விழுந்தது. ஒன்றே ஒன்றுதான் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"மச்சான், இதுல எத அமுக்கணும்?"

அனில் திரும்பிப் பார்த்தான். கேமரா ஷெர்வின் கையில் இருந்தது. அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, மச்சான் என்று கூப்பிட்டதற்கு அடி விழுமோ என்று நிற்பதுபோல் நின்றான். எல்லோரும் தெளிவாக விழுகிற மாதிரி அனில் கேமராவைத் திருகிக் கொடுத்து, "மேல இருக்குது பாரு, அதான். கை ஆடாம புடி, மாப்ள" என்றான். ஷெர்வின் இருந்த இடத்திலிருந்தே எடுத்தான். அத்தனை கிட்டத்தில் நின்றும் படத்தில் பெட்டியே வந்திருந்தது, ராஜ்குமார் உட்பட.

சாயங்காலம் படங்களைப் போனில் ஏற்றிக்கொண்டு அனில் கேமராவைக் கடையில் கொடுத்தான். தூசி உள்ளே போனதை மறைக்காமல் சொன்னான். "இந்த மாடல்ல இது ஒரு தலவலி சார், சர்வீஸுக்கு அனுப்பிக்கறேன்" என்று கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும் வண்டியில் அனில் ஏறியது நாலாவது பெட்டியில். ஷோபா தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள்.

போனில் அந்தக் கடைசிப் படத்தை இருவரும் பார்த்தார்கள். ஷெர்வின் பிடித்த லட்சணத்தில் படம் கோணலாக விழுந்து, ஷோபா மேலே இடது பக்கம் போயிருந்தாள். சைனைடு மேட்டுத் தூசி நேராக அவள் கன்னத்தில் வந்து உட்கார்ந்திருந்தது, சின்னதாக, கறுப்பாக.

"சே, மூஞ்சிலயா வந்து விழணும்? இரு, ஒரு தட்டு தட்டினா போயிடும்" என்று அனில் விரலைக் கொண்டுபோனான்.

ஷோபா வளையல் கையால் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுண்ணா. காலையில அத்தினி பேரு இருந்தோம், திருஷ்டிப் பொட்டு வெக்க மட்டும் மறந்துட்டோம். நீ வெச்சிக்கீற, இருக்கட்டும்."

அந்த வாரம் அனில் வீடியோ போட்டான். முதல் முறையாக நல்லதை முதலில் சொன்னான்.