சூடு காட்டும் முள்

அக்காவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது, பின்கட்டுக் கொட்டகையிலிருந்து அந்தச் சுரண்டல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மருத்துவர் காலையில் வந்து பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டை மூடினார். நேராகக் கொட்டகைக்குப் போய் பிளேடை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்துவிட்டார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். முப்பது வருஷமாக மயிரிழை கணக்கில் வேலை பார்த்த கை. மெக்கானிக் வேலை யாரிடமும் கற்றதில்லை. அந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்து கழற்றிக் கழற்றி மாட்டி, தானாகவே பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்பாள் அக்கா.

அதே வண்டிதான் பதினோரு நாளைக்கு முன்னால் காலை வாரிவிட்டது. வலி தாங்காமல் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கொண்டுபோன வழியில், மேட்டுச் சாலையில் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் ஹெட் என்கிற மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு அது. அது எரிந்தால் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்துவிடும், வண்டி நகராது. வெள்ளைப் புகைக்கு நடுவே இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். கடைசியில் ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டில் விட்டார். அதற்குப் பிறகு அக்கா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அங்கே போயும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

தங்கை அடுத்த ரயிலில் வந்து இறங்கினாள். அவள் ஒரு பெரிய ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, அந்த நிலையத்துக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி அத்தானைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு முடியாதவளை வைத்துக்கொண்டு போகிறவர் சூடு காட்டும் முள்ளைக்கூடவா பார்க்காமல் ஓட்டுவார்? அவர் அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மறுநாளே ஹெட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, மட்டம் தட்ட லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். அது நேற்றுத்தான் திரும்பி வந்தது. இன்றைக்கு அடிப்பாகத்தில் ஒட்டிக் கருகிக்கிடக்கும் பழைய தகட்டைச் சுரண்டுகிறார்.

"அத்தானை உள்ள வரச் சொல்லட்டுமா?" என்றாள் தங்கை.

"வேணாம். கையில வேலை இருக்கட்டும்." அக்காவின் குரல் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. "நீ இப்படி உக்காரு. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மேட்டுல முள்ளு ஏறினதை நான் பாத்தேன்டி."

தங்கைக்குச் சட்டென்று புரியவில்லை.

"சிவப்புக்குப் போறவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லலை. அந்த வார்டுக்குள்ள போனா திரும்பி வரமாட்டேன்னு தெரிஞ்சுது. என் ஜன்னல், என் கட்டில்... இங்கேயே இருந்துக்கலாம்னு தோணிச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தன்னாலதான்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்காரு. நான் போனப்புறம் சொல்லிடு. இப்பச் சொன்னா கோபிச்சுக்குவாரு. அவர் கோபிச்சுக்கிட்டா என்னால தாங்க முடியாது."

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"வருந்துகிறோம்னு மட்டும் சொல்லிடாதே. உன் ரயில் லேட்டுன்னு நினைச்சுக்கப் போறாரு," என்றாள் அக்கா. சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

மணிக்கு ஒரு தடவை சுரண்டல் நிற்கும். குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவும் சத்தம் கேட்கும். பிறகு அத்தான் உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக அவள் பாதத்தைப் பிடித்துக்கொள்வார். ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். இத்தனை நாளும் அதை ஓடி ஒளிவது என்றே தங்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தபோது, பிடித்த கையை எடுக்கவில்லை. தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுத்த வீட்டில் யாரோ துணி துவைத்து முடித்து வாளியைக் கவிழ்த்தார்கள். அத்தான் போர்வையை இழுத்து, வெளியே தெரிந்த விரல்களை மூடினார்.

மறுநாள் காலை இறுதிக் காரியங்கள் முடிந்தன. கடை முதலாளி வந்தார். அக்காவோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் வந்து ஓரமாக நின்று அழுதார்கள். அக்காவை ஏற்றிய வேன் கிளம்பும்போது அத்தான் ஓட்டுநரிடம் குனிந்து ஏதோ சொன்னார். மேட்டுச் சாலை வழியாகப் போகவேண்டாம் என்றாராம். ஓட்டுநர் பிற்பாடு தங்கையிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் கொட்டகைக் கதவு திறந்தது. பெண்டாட்டி போன வீட்டில் என்ன காரியம் செய்கிறார் பார் என்று அக்கம்பக்கத்தார் வாயில் விழப்போகிறார் என்பது தங்கைக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு அடுத்த நாள் ரயில். இனியும் தள்ளிப்போட முடியாது. இரண்டு தம்ளரில் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள்.

அடிப்பாகம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. நான்கு வட்டக் குழிகள். அவற்றின் மேல் புதுத் தகடு பொருந்தி உட்கார்ந்திருந்தது. போல்ட் இறங்கும் துளைகளை அவர் ஒவ்வொன்றாகத் துணித்திரியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா."

"ம்."

"அன்னிக்கு முள்ளு ஏறினதை அவ பாத்தாளாம். வேணும்னேதான் சொல்லலையாம். உங்க தப்பு இல்லைன்னு சொல்லச் சொன்னா."

அவர் கை நிற்கவில்லை. ஒரு துளையை முடித்து, அடுத்ததில் திரியை விட்டார்.

"தெரியும்."

"சொல்லிட்டாளா?"

"இல்லை. நான் முள்ளைப் பாத்தப்ப அவளும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தா."

தங்கைக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தம்ளர்களை மர மேஜையில் வைத்தாள்.

"ஓரமா நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா, அரை மணியில ஆஸ்பத்திரி போய்ச் சேந்திருப்போம்," என்றார். திரியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். அழுக்கில்லை. "மிதிச்சுக்கிட்டே போனேன்."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள் தங்கை. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் நிமிர்ந்து இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். "ஹெட்டை ஒரே ஆளா இறக்கினா தகடு நகந்துடும். இந்தப் பக்கம் பிடிக்கிறியா?"

பிடித்தாள். நினைத்ததைவிடக் கனம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமும் சாயாமல், பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்கினார்கள். பிறகு அவர் நடுவிலிருந்து ஆரம்பித்து, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் போல்ட்டுகளை முறுக்கினார். தங்கை பக்கத்திலேயே நின்றாள். தேநீர் ஆறி ஏடு கட்டியது. மற்ற உறுப்புகளையெல்லாம் மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு தடவை திணறி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய் கருகிக் கொஞ்ச நேரம் புகைந்தது. அப்புறம் புகை நின்றது.

மறுநாள் அவர்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு முன்கதவைத் திறந்த தங்கை ஒரு கணம் தயங்கினாள். அக்காவுக்காக அன்று சாய்த்த இருக்கையின் முதுகு பாதிக்கு மேல் பின்னால் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தும் பிடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடாமல் ஏறி, அப்படியே சாய்ந்துகொண்டாள். அந்தச் சாய்விலிருந்து சாலை தெரியவில்லை; தலையைத் திருப்பினால் சூடு காட்டும் முள் தெரிந்தது. மின்கம்பிகளும் மாடி விளிம்புகளும் அவற்றுக்கு நடுவே துண்டு துண்டாக வானமும் போய்க்கொண்டிருந்தன. கடைத்தெருத் திருப்பத்தில் வேகத்தடை வந்தது. அத்தான் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, முன்சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். பிறகு பின்சக்கரத்தையும்.